புரூடரில் குஞ்சு சாவது ஏன்? காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

காலையில் கொட்டகைக்குள் நுழையும்போது நான்கைந்து குஞ்சுகள் காலை நீட்டிக் கிடந்தால் யாருக்கும் மனம் பதறும். அந்தப் பதற்றத்தில் கால் நேராக மருந்துக்கடைக்குப் போகும். கடைக்காரர் ஓர் ஆன்டிபயாட்டிக்கும் ஒரு டானிக்கும் எடுத்துக் கொடுப்பார். மறுநாள் சாவு குறைந்தால் மருந்து கேட்டது என்போம். குறையாவிட்டால் வேறு மருந்து வாங்குவோம். இப்படிப் போனால் காரணம் கடைசிவரை தெரியாது. அடுத்த பேட்ச் குஞ்சும் அதே வயதில், அதே மூலையில் சாகும்.

குஞ்சு எத்தனையாவது நாளில் சாகத் தொடங்கியது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. எங்கே, எப்படிக் கிடந்தது, வயிற்றுக்குள் என்ன இருந்தது என்பவை மீதியில் பெரும்பகுதியைச் சொல்லிவிடும். இவற்றைப் பார்க்க ஒரு நோட்டு, ஒரு வெப்பமானி, கையுறை, கத்தரிக்கோல் இருந்தால் போதும். மருந்து எது என்ற கேள்வி இவற்றுக்குப் பிறகுதான் வரவேண்டும்.

முதலில் ஓர் அளவுகோல். நல்ல ஹேச்சரியிலிருந்து வந்த நூறு குஞ்சில் முதல் வாரத்தில் ஒன்றிரண்டு போவது இயல்பு. பொரிக்கும்போதே பலவீனமாக இருந்தவை அவை. அதற்கு மேல் போனாலோ, நேற்று ஒன்று இன்று மூன்று என்று ஏறிக்கொண்டே போனாலோ தேடத் தொடங்குங்கள். தினமும் காலையிலும் மாலையிலும் செத்ததை எண்ணி, தேதி, குஞ்சின் வயது, கிடந்த இடம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். மனக்கணக்கு இதற்கு உதவாது. 'நேத்துதான் ஆரம்பிச்சுது' என்று சொல்பவரின் கொட்டகையில் எண்ணிப் பார்த்தால் சாவு நான்கு நாளாக நடந்துகொண்டிருக்கும்.

நாளை எண்ணுங்கள்

முதல் இரண்டு நாளில் சாகும் குஞ்சுக்கு உங்கள் கொட்டகைக் கிருமி காரணமாக இருப்பது அரிது. பெட்டியில் வெகுதூரம் வந்த களைப்பு, உடலில் நீர் வற்றியது, வழியில் வெயிலோ குளிரோ பட்டது, இறக்கிவிட்ட இடத்தில் சூடு போதாதது ஆகியவையே காரணம். கால் தோல் சுருங்கி, நரம்பு புடைத்து, குஞ்சு எடையில்லாமல் இருந்தால் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை சாவு உச்சத்துக்குப் போனால் இரண்டில் ஒன்று. தொப்புள் வழியாகக் கிருமி புகுந்து மஞ்சள் கரு அழுகியிருக்கலாம். அல்லது குஞ்சு தீனியே எடுக்காமல் பட்டினியால் போயிருக்கலாம். பொரியும் குஞ்சின் வயிற்றுக்குள் கொஞ்சம் மஞ்சள் கரு மிச்சம் இருக்கிறது. அதை வைத்து அது இரண்டு மூன்று நாள் தாங்கும். தீனித்தட்டைக் கண்டுபிடிக்காத குஞ்சு அதுவரை நன்றாகவே நடமாடி, கரு தீர்ந்ததும் பொத்தென்று விழும். அதனால்தான் முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு நான்காம் நாள் திடீரென்று சாகிறது.

ஐந்தாம் நாளுக்குப் பின், இரண்டாம் வாரம் முடியும்வரை, வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறிச் சாகும் குஞ்சு பூஞ்சையை நினைவூட்ட வேண்டும். இரண்டு, மூன்றாம் வாரங்களில் பின்புறத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் ஒட்டிச் சாவு ஏறினால் தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாக வரும் சால்மொனெல்லா, அதாவது புல்லோரம் நோய், சந்தேகத்துக்கு உரியது. மூன்றாம் வாரத்துக்கு மேல் இரத்தக் கழிச்சலும் கும்போரோவும் வரும். ராணிக்கெட்டுக்கு வயது வரம்பு இல்லை. தடுப்பூசி போடாத கூட்டத்தில் எப்போதும் நுழையும்.

ஐந்து நாள் குஞ்சுக்கு இரத்தக் கழிச்சல் மருந்து ஊற்றுபவர்களை நிறையப் பார்க்கலாம். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டை ஈரக் கூளத்தில் ஒன்றிரண்டு நாள் பக்குவப்பட வேண்டும். பிறகு குஞ்சு அதைக் கொத்த வேண்டும். குடலுக்குள் பெருகி இரத்தம் வர இன்னும் நாலைந்து நாள் ஆகும். ஆகவே முதல் வாரச் சாவுக்கு அது காரணமாக இருப்பது மிக அரிது.

சூடு

என் அனுபவத்தில் புரூடர் சாவுகளில் பெரும்பாலானவற்றின் வேர் சூட்டில் இருக்கிறது. கிருமி பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது. குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முதல் பத்துப் பதினைந்து நாள் முடியாது. குளிர்ந்த குஞ்சு தீனி எடுக்காது, தண்ணீர் குடிக்காது, வயிற்றுக் கரு செரிக்காது. செரிக்காத கருவில் கிருமி பெருகும். வெட்டிப் பார்த்தால் மஞ்சள் கரு நோய் என்று தெரியும். ஆனால் அதை முற்றவைத்தது குளிர்.

முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அதன்பின் வாரத்துக்கு 5 டிகிரி குறைப்பு என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. கேள்வி, அந்த 95 எங்கே அளக்கப்பட்டது என்பதுதான். சுவரில் மாட்டிய வெப்பமானி உங்கள் முகத்துக்கு எதிரே உள்ள சூட்டைச் சொல்கிறது. குஞ்சு தரையில் இருக்கிறது. வெப்பமானியைப் புரூடர் விளிம்புக்கு நேர் கீழே, கூளத்திலிருந்து இரண்டு அங்குல உயரத்தில், குஞ்சின் முதுகு மட்டத்தில் தொங்கவிடுங்கள். கூளத்தின் சூட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். சிமென்ட் தரையில் மெல்லியதாக உமி பரப்பியிருந்தால் மேலே எவ்வளவு பல்பு எரிந்தாலும் வயிற்றுக்கடியில் சில்லென்று இருக்கும். குஞ்சு இறங்குவதற்கு முந்தைய நாளே புரூடரை எரியவிடச் சொல்வது தரை சூடேறத்தான்.

குஞ்சுகளே நல்ல வெப்பமானி. பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சுக் கீச்சென்று ஓயாமல் கத்தினால் குளிர். தகரத் தடுப்போரம் ஒதுங்கி, இறகை விரித்து, வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது. பரவலாகப் படுத்தும் கொத்தியும் மெல்லிய சத்தத்தோடு இருந்தால் சரி. இதைப் பகலில் பார்த்தால் போதாது. இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை, மார்கழி தை மாதங்களில் விடியலுக்கு முன் ஒருமுறை எழுந்து பாருங்கள். குஞ்சின் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் அது குளிரில் இருக்கிறது.

கரண்ட் போன இரவுக்கு மறுநாள் காலை, ஓர் ஓரத்தில் குவிந்து, தட்டையாக நசுங்கி, இறகு ஈரமாகக் கிடக்கும் குஞ்சுகள் நோயில் சாகவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் செத்தவை. தடுப்பை வட்டமாக வைக்கச் சொல்வது குவிய மூலை இல்லாமல் செய்யத்தான். எலியோ நாயோ கிட்டே வந்து மிரட்டினாலும் இப்படிக் குவியும். அப்போது ஒன்றிரண்டு உடலில் கடித்த தடம் இருக்கும்.

சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறு. தகரக் கூரைக்கடியில் பகல் பன்னிரண்டு மணிக்கு 100 டிகிரியைத் தாண்டும்போதும், 'முதல் வாரம் பல்பு எரியணும்' என்று எரியவிடுகிறவர்கள் உண்டு. அட்டவணை சொல்வது குஞ்சுக்கு வேண்டிய சூட்டை; எத்தனை மணி நேரம் பல்பு எரிய வேண்டும் என்பதை அல்ல. வெயில் அந்தச் சூட்டைத் தந்தால் பல்பை அணைக்கலாம்.

கரி அடுப்பு வைத்துச் சூடேற்றுபவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாயைக் கீழ்வரை இறக்கிக் கட்டிவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குஞ்சுகள் முந்தைய நாள்வரை நன்றாக இருந்து, கூட்டமாகச் செத்திருக்கும். வெட்டினால் இரத்தம் பளீரென்று செந்நிறமாக இருக்கும். தார்ப்பாயின் மேல்பக்கம் எப்போதும் ஓர் அடியாவது திறந்திருக்க வேண்டும். அந்தக் கொட்டகைக்குள் மனிதர் யாரும் படுத்துத் தூங்கவே கூடாது. குஞ்சைக் கொல்லும் அதே வாயு ஆளையும் கொல்லும்.

தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள்

குஞ்சு வந்த மறுநாள், அதாவது 24 மணி நேரம் ஆனதும், தடுப்பின் நாலா பக்கத்திலிருந்தும் முப்பது நாற்பது குஞ்சுகளை எடுத்துக் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையை விரலால் மெல்லத் தடவுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது நிறைந்திருக்க வேண்டும். கஞ்சிபோல் மெத்தென்று இருந்தால் தீனியும் தண்ணீரும் எடுத்திருக்கிறது. கல்போல் இருந்தால் தீனி எடுத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. வெறும் தண்ணீர்ப் பையாக இருந்தால் தீனியைக் காணவில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்தால் நான்காம் நாள் சாவை இரண்டாம் நாளே தடுத்துவிடலாம், செலவும் இல்லை.

தீனித்தட்டு நேர் பல்புக்கடியில் இருந்தால் குஞ்சு சூட்டுக்குப் பயந்து நெருங்காது. தண்ணீர்க் குவளை உயரமாக இருந்தாலும் எட்டாது. முதல் நாள் கூளத்தின்மேல் காகிதம் விரித்து, மக்காச்சோளக் குருணையைத் தூவுவது கண்ணில் படத்தான். வழவழப்பான காகிதத்தை நாள்கணக்கில் விட்டுவிட்டால் கால் சறுக்கிச் சறுக்கி, இரண்டு காலும் பக்கவாட்டில் அகன்று நடக்க முடியாமல் போகும். அதையும் நோய் என்று எண்ணி மருந்து தேடுகிறார்கள்.

தொப்புளும் மஞ்சள் கருவும்

குஞ்சைத் திருப்பிப் பிடித்து வயிற்றைப் பாருங்கள். தொப்புள் மூடி உலர்ந்திருக்க வேண்டும். ஈரமாகவோ, கறுப்புப் பொட்டுக் கட்டியோ, சிவந்தோ இருந்து, வயிறு உப்பி நீலம் பாய்ந்திருந்தால் தொப்புள் அழற்சி. அறுத்தால் பச்சையும் பழுப்புமாக நீர்த்துப்போன கரு, கெட்ட வாடையோடு இருக்கும். பெரும்பாலும் ஈ.கோலி முதலிய குடல் கிருமிகளின் வேலை இது.

இது கொட்டகையில் பிறக்கும் நோய் அல்ல. முட்டையிலும் பொரிப்பானிலும் தொடங்குவது. எச்சம் ஒட்டிய முட்டை, ஈரத்துணியால் துடைத்த முட்டை, ஒரு பொரிப்புக்கும் அடுத்த பொரிப்புக்கும் இடையில் கழுவாத தட்டு, அளவுக்கு மீறிய ஈரப்பதம் எல்லாம் இதற்கு வழி. வீட்டில் சிறு இன்குபேட்டர் வைத்திருப்பவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. விலைக்கு வாங்கிய குஞ்சு என்றால் அதே நாளில் அதே இடத்தில் வாங்கிய இன்னொருவரிடம் விசாரியுங்கள். அங்கேயும் இதே நாளில் இதே சாவு என்றால், உங்கள் நோட்டும் அவர் நோட்டும் சேர்ந்து ஹேச்சரியிடம் கேள்வி கேட்க உதவும். வயிறு உப்பிய குஞ்சை மருந்து மீட்பது அரிது. அவற்றைப் பிரித்துவிட்டு, மற்றவற்றுக்குச் சூட்டைச் சரிசெய்வதே பலன் தரும்.

மூச்சு

சத்தமே இல்லாமல் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடினால் பூஞ்சை நோய். ஆங்கில நூல்கள் இதைப் புரூடர் நிமோனியா என்கின்றன. தும்மல், கர்கர் சத்தம், மூக்குநீர் இருந்தால் சளி சார்ந்த நோய்களோ ராணிக்கெட்டோ. தடுப்பூசிச் சொட்டு விட்டு மூன்று நான்கு நாளில் லேசான தும்மல் வந்து ஒரு வாரத்துக்குள் அடங்கினால் அது தடுப்பூசியின் எதிர்வினை. சாவு இல்லாதவரை பயப்பட வேண்டாம்.

பூஞ்சை எங்கிருந்து வருகிறது? மழையில் நனைந்து காய்ந்த உமி, பூசணம் பிடித்த கடலைத் தோல், கட்டிபிடித்த தீவனம் ஆகியவற்றிலிருந்து. செத்த குஞ்சின் நுரையீரலில் கடுகளவு வெள்ளை, மஞ்சள் முடிச்சுகள் தெரியும். நோய் வந்த குஞ்சுக்குப் பயன்தரும் மருந்து இல்லை. கூளத்தை முழுவதும் அள்ளி மாற்றுவதுதான் நல்ல குஞ்சைக் காக்கும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பூஞ்சைக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொரு மூச்சுக் காரணம் அம்மோனியா. நின்றபடி மூக்கை உறிஞ்சினால் தெரியாது. குஞ்சின் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு நிமிடம் இருங்கள். உங்கள் கண் எரிந்தால் குஞ்சின் கண்ணும் நுரையீரலும் ஏற்கெனவே புண்ணாகிக்கொண்டிருக்கின்றன. கூளத்தை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறவுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் நல்லது. தண்ணீர்க் குவளையைச் சுற்றித்தான் முதலில் கெடும்.

எச்சம்

எச்சத்தைப் படிக்கக் கற்பதற்கு முன் நல்ல எச்சம் எது என்று தெரிய வேண்டும். நுனியில் வெள்ளை படிந்திருப்பது சிறுநீரின் உப்பு. அது நோய் இல்லை. இடையிடையே காபி நிறத்தில் களிபோல் வருவதும் குடல்வாலிலிருந்து வரும் இயல்பான எச்சம். இதைப் பார்த்தே பலர் பயந்து மருந்து கலக்கிவிடுகிறார்கள்.

முதல் வாரத்தில் பின்புறம் ஒட்டிப்போவது பெரும்பாலும் குளிராலோ அதிகச் சூட்டாலோ வருகிறது. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து மெல்ல எடுத்துவிட்டுச் சூட்டைத் திருத்தினால் நின்றுவிடும். நிற்காமல் சாவும் சேர்ந்தால் புல்லோரம் சந்தேகம். பிழைத்த குஞ்சு வளர்ந்து கோழியாகி, தன் முட்டை வழியாக நோயைக் கடத்தும் என்பதால் அந்தக் கூட்டத்திலிருந்து அடைமுட்டை எடுக்கக் கூடாது.

இரத்தம் கலந்து, இறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடித் தூங்கி விழுந்தால் இரத்தக் கழிச்சல். அறுத்தால் குடலின் முடிவில் விரல்கள்போல் நீண்டிருக்கும் இரண்டு குடல்வால்களும் இரத்தம் கட்டிப் பருத்திருக்கும். இதற்கான ஆம்புரோலியம் மருந்தைக் கொடுக்கும் நாட்களில் பி1 கலந்த வைட்டமின் டானிக்கைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அந்த மருந்து ஒட்டுண்ணிக்கு பி1 கிடைக்காமல் தடுத்தே வேலை செய்கிறது. டானிக் அதைக் கெடுத்துவிடும். இரண்டையும் ஒரே பையில் போட்டுத் தருவது கடைகளில் வழக்கமாக இருக்கிறது.

மூன்று முதல் ஆறு வாரத்தில், திடீரென்று வெள்ளை நீர்க் கழிச்சலோடு சாவு தொடங்கி, மூன்று நான்கு நாளில் உச்சம் தொட்டு, ஒரு வாரத்தில் தானே அடங்கினால் கும்போரோ. தொடைத் தசையில் இரத்தத் திட்டு இருக்கும். பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல், கழுத்துத் திருகல் என்றால் ராணிக்கெட். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். இரண்டும் வைரஸ், தடுப்பூசி தவிர வழியில்லை. ஏழாம் நாள் ராணிக்கெட் சொட்டு, பதினான்காம் நாள் கும்போரோ சொட்டு போட்டும் நோய் வந்தால், தடுப்பூசி கடையிலிருந்து உங்கள் கைக்கு ஐஸோடு வந்ததா என்று பாருங்கள்.

சொந்தமாகத் தீவனம் கலப்பவர்களுக்கு

கால்விரல்கள் உள்பக்கம் மடங்கிக் கணுக்காலில் நடந்தால் பி2 குறைவு. தள்ளாடி, தலை பின்னால் சாய்ந்து விழுந்தால் காறிய எண்ணெய்ப் பிண்ணாக்கு, வைட்டமின் ஈ குறைவு இரண்டையும் நினையுங்கள். குஞ்சு ஓயாமல் தண்ணீர் குடித்து வயிறு நீர்கோத்துச் செத்தால் உப்பு. கருவாட்டுத் தூளில் உப்பு எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. போர்த் தண்ணீரும் உப்பாக இருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஈரல் வெளிறி மஞ்சளாகப் பருத்திருந்தால் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கிலோ சோளத்திலோ உள்ள அஃப்ளாடாக்சின்.

அறுத்துப் பார்ப்பதும் ஆய்வகமும்

செத்துச் சில மணி நேரத்துக்குள் அறுக்க வேண்டும். வெயிலில் கிடந்த குஞ்சின் குடல் எந்த நோயையும் காட்டாது, அழுகலைத்தான் காட்டும். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கைந்தில் ஒரே மாதிரி தெரிந்தால்தான் கணக்கு. அறுக்கும் வரிசை: தீனிப்பை நிறைந்திருக்கிறதா, கரு செரித்ததா, ஈரல் நிறம், நுரையீரல் முடிச்சு, குடல்வால். பறவைக் காய்ச்சல் பற்றிய அறிவிப்பு இருக்கும் காலத்திலும், குஞ்சும் கோழியும் காரணம் தெரியாமல் கூட்டமாகச் சாகும்போதும் அறுக்கவே வேண்டாம். தொடாமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உறுதி செய்ய ஆய்வகம் வேண்டும். பல மாவட்டங்களில் கால்நடை பராமரிப்புத் துறையின் நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. நாமக்கல்லில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழி நோய் ஆய்வகமும் உண்டு. அப்போதுதான் செத்த குஞ்சு மூன்று நான்கு, நோயோடு உயிருள்ளது இரண்டு மூன்று கொண்டுபோங்கள். செத்ததை பாலிதீன் பையில் கட்டி ஐஸ் வைத்த பெட்டியில் வையுங்கள், ஃப்ரீசரில் உறையவைக்காதீர்கள். மருந்து கொடுப்பதற்கு முன் எடுத்த குஞ்சே சோதனைக்கு நல்லது. தீவனத்தில் ஒரு கைப்பிடி, தண்ணீரில் ஒரு பாட்டில், உங்கள் நோட்டு மூன்றும் கூடப் போகட்டும். மிச்சச் சடலங்களைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். ஏரிக்கரையில் எறிந்தால் நாயும் காக்கையும் அடுத்த பண்ணைக்குத் தூக்கிப்போகும்.

குஞ்சுக்கு வழக்கமாகக் கொடுக்கப்பட்டுவந்த கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளிலும் பறவைகளிலும் பயன்படுத்துவதற்கு மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து அது. கோழியில் அதை வாரி இறைத்தால் அதற்கு அடங்காத கிருமி உருவாகி ஆஸ்பத்திரிவரை வரும். இன்றும் யாராவது அதை உங்களிடம் நீட்டினால் வாங்காதீர்கள். எந்த ஆன்டிபயாட்டிக்கையும் மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடங்காதீர்கள். ஆய்வக முடிவு வரும்வரை செய்யவேண்டியவை: சூட்டைத் திருத்துவது, ஈரக் கூளத்தை அள்ளுவது, குவளையைக் கழுவி நல்ல தண்ணீர் வைப்பது, வாடிய குஞ்சைப் பிரிப்பது, நோட்டில் எழுதுவது. பல கொட்டகைகளில் முடிவு கைக்கு வருமுன்பே இவற்றால் சாவு நின்றிருக்கிறது.